மௌனம் மருந்தாகாது

மாதவிடாய் நின்ற பின் வரும் நோவும் அதற்குரிய சிகிச்சையும்

நம் ஊர்களில் ஒரு பெண் பூப்பெய்தினால் அச்செய்தி வீட்டோடு நிற்பதில்லை. உறவினர் கூடுவர், மாமன் வீட்டிலிருந்து சீர் வரும், நாள் பார்த்து நீராட்டு நடைபெறும். தெரு முழுவதும் அதை அறியும். ஆனால், முப்பத்தைந்து அல்லது நாற்பது ஆண்டுகள் கழிந்து அதே பெண்ணின் உடலில் அந்த இயக்கம் ஓய்ந்து போகும்பொழுது, அருகிலுள்ள கணவனுக்குக்கூட அது சொல்லப்படுவதில்லை. தொடக்கத்துக்கு விழா எடுக்கும் நாம் முடிவைப் பற்றிப் பேச ஒரு சொல்லையேனும் வைத்துக்கொள்ளவில்லை.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. மாதவிடாய் நின்ற பின்னர் பல பெண்களுக்குப் பிறப்புறுப்பில் வறட்சியும் எரிவும் நோவும் உண்டாகின்றன. தாம்பத்திய உறவு வேதனை தருகின்றது. சிறுநீர் கழிக்கும்போது எரிகின்றது. சிலருக்கு நெடுநேரம் உட்கார்ந்திருப்பதே துன்பமாகின்றது. இவற்றை ‘வயது’ என்பர் சிலர். ‘உடற்சூடு’ என்பர் வேறு சிலர். ‘பெண்ணாய்ப் பிறந்த வினை’ என்று பெருமூச்செறிவோரும் உளர். மருத்துவமோ இதற்கு நோய் என்றே பெயரிட்டிருக்கின்றது. அதற்குரிய மருந்துகளையும் கண்டிருக்கின்றது. மருந்துள்ள ஒரு நோவை மௌனத்தினால் ஏன் சுமக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

குடும்பத்தார் யாவரும் படிக்கும் பக்கத்தில் இத்தகைய பொருள் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் வீட்டுக்கூடத்திலேயே பேசுகின்றோம். அவையும் ஒரு காலத்தில் மூடி மறைக்கப்பட்டவையே. தாயின் நோவை அறிந்துகொள்ளும் பிள்ளை அதனாற் கெட்டுவிடுவதில்லை. அறியாத பிள்ளையாலேயே தாய்க்குத் துன்பம் மிகுகின்றது.

உடலில் நிகழ்வது என்ன?

பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வாராதிருந்தால் அது நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கொள்வர். பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய ஆண்டுகளில் இது நிகழும். சூலகங்கள் இரண்டும் தம் தொழிலை நிறுத்துகின்றன; ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் இரத்தத்தில் வெகுவாகக் குறைகின்றது. நோயின் பொருட்டுச் சூலகங்களை அறுவைச் சிகிச்சையால் அகற்றிக்கொண்ட பெண்களுக்கும், மார்பகப் புற்றுநோய்க்குச் சில வகை மருந்துகளை உட்கொள்வோருக்கும் இந்நிலை முன்னதாகவும் திடீரெனவும் வந்துவிடும்.

ஈஸ்ட்ரோஜன் கருப்பையை மாத்திரம் காப்பதன்று. யோனியின் உட்சுவர், அதன் வாயில், சிறுநீர்ப் பாதை, சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி ஆகிய யாவும் அந்த ஓமோனினாலேயே தடிப்பும் நெகிழ்வும் ஈரமும் பெற்றிருக்கின்றன. அது குறைந்ததும் அத்தோல் மெலிகின்றது. இரத்த ஓட்டம் குறைகின்றது. இயல்பான கசிவு வற்றுகின்றது. முன்னர் விரிந்து கொடுத்த இடம் இப்பொழுது விரிவதில்லை. சிறு உராய்வும் கீறலாகின்றது.

இன்னுமொரு மாற்றமும் உண்டு. இளமையில் யோனியின் உட்சுவரிலுள்ள மாப்பொருளை உண்டு வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் இலற்றிக் அமிலத்தை உண்டாக்கும். தயிரைப் புளிக்க வைக்கும் அமிலமும் இதுவேயாகும். அந்தப் புளிப்பு, தீய கிருமிகளை அண்ட விடாது காக்கும் வேலியாகும். தோல் மெலிந்ததும் மாப்பொருள் குறைகின்றது; நுண்ணுயிர்கள் குறைகின்றன; வேலி சாய்கின்றது. ஐம்பதைக் கடந்த பெண்கள் பலருக்குச் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் முகத்திலும் மார்பிலும் திடீரெனப் பரவும் வெப்பமும் வியர்வையும் பெரும்பாலோர்க்குச் சில ஆண்டுகளில் தணிந்துவிடும். இந்த நோவோ அவ்வாறு தானாகத் தணிவதன்று. விட்டுவிட்டால் ஆண்டுக்கு ஆண்டு மிகுதியாவதே இதன் இயல்பு. மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இது ஏதோ ஓரளவில் உண்டாகின்றது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். ‘பொறுத்திருந்தால் சரியாகும்’ என்னும் அறிவுரை இங்கே பயன்படாது என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

மருத்துவ உலகிலும் இதற்குத் தகுந்த பெயர் நெடுங்காலம் இருக்கவில்லை. ‘யோனி நலிவு’ என்று பொருள்படும் ஒரு பெயரே வழங்கி வந்தது. அது சிறுநீர்த் தொல்லைகளை உள்ளடக்காததோடு பெண்களை நாணவும் வைத்தது. 2014 ஆம் ஆண்டில் வல்லுநர் சங்கங்கள் இரண்டு கூடி, ‘மாதவிடாய் நிறுத்தத்தின் பிறப்புறுப்பு, சிறுநீர்ப் பாதை நோய்க்குறித் தொகுதி’ என்று பொருள்படும் புதுப் பெயரை வகுத்தன. பெயர் நீண்டதாயினும், வறட்சியும் உறவில் நோவும் சிறுநீர் எரிவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை அது தெளிவாக்கிற்று.

முந்தற் கரையில்

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, களப்பும் கடலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த நாடு முந்தல். உடப்பு, ஆண்டிமுனை முதலிய தமிழ் ஊர்களும், மதுரங்குளி முதலிய பக்கங்களில் முஸ்லிம் ஊர்களும், சிங்களக் கிராமங்களும் இங்கே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. பெண்கள் கருவாடு காயவைக்கின்றனர்; தோப்புகளிலும் உப்பளங்களிலும் இறால் பண்ணைகளிலும் உழைக்கின்றனர். வெயிலில் நெடுநேரம் நின்றும் குந்தியிருந்தும் செய்யும் வேலைகள் இவை. மெலிந்த தோலில் வியர்வையும் உப்பும் உடையின் உராய்வும் சேர்ந்தால் எரிவு எத்தகையதாகும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனவே, இது கட்டிலோடு முடியும் விஷயமன்று. உட்காருவதும் நடப்பதும் உழைப்பதும் இதனோடு தொடர்புடையவை. கணவனை இழந்தவளுக்கும் மணஞ்செய்யாது வாழ்பவளுக்கும் இது வரும். அவர்களும் சிகிச்சை பெற உரியவர்களே.

நம் நாட்டின் சுகாதார சேவை தாய்மாரைப் பேணுவதிற் புகழ் பெற்றது. குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வருகின்றார். கர்ப்பிணியின் எடையைப் பார்க்கின்றார். குழந்தையின் வளர்ச்சி அட்டையைக் குறிக்கின்றார். ஆனால் அவருடைய பதிவேடு பிள்ளை பெறும் வயதுக் குடும்பங்களுக்குரியது. கடைசிப் பிள்ளை பாடசாலைக்குச் சென்ற பின்னர் அந்த வாசலில் அவர் நிற்கும் நாட்கள் குறைகின்றன. தன் உடலைப் பற்றிப் பேச அத்தாய்க்கு இருந்த ஒரே துணையும், பேச வேண்டிய புதிய தேவை தோன்றும் வயதிலேயே விலகிவிடுகின்றது.

இக்குறையை ஓரளவு நிரப்பவே 1996 ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் இலங்கை முழுவதும் தொடங்கப்பட்டன. முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்குரியவை இவை. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை இங்கே இலவசமாகப் பரிசோதிக்கின்றனர். மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைகளைக் கேட்டு ஆலோசனை கூறுவதும் இந்நிலையங்களின் பணியேயாகும். அவ்வப் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கிளினிக் நடைபெறும் நாளை விசாரித்தறியலாம். மேற்கொண்டு சிகிச்சை வேண்டின், சிலாபம் மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் புத்தளம் வைத்தியசாலையிலும் பெண்நோயியல் சிகிச்சை பெறலாம்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

ஈஸ்ட்ரோஜனை 1929 இல் அமெரிக்காவில் எட்வர்ட் டொய்சியும் ஜெர்மனியில் அடோல்ப் பியூட்டெனான்டும் தனித்தனியே பிரித்தெடுத்தனர். 1940களின் தொடக்கத்தில், சினைப்பட்ட குதிரைகளின் சிறுநீரிலிருந்து பெற்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகள் கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தன. 1966 இல் ரொபர்ட் வில்சன் என்னும் அமெரிக்க வைத்தியர், இம்மருந்தை உண்டால் பெண் என்றும் இளமையோடிருக்கலாம் என்று ஒரு நூலெழுதிப் பெரும் ஆசையைக் கிளப்பினார். ஆசை அளவு கடந்தது. கருப்பை உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொண்டால் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் மிகுகின்றது என்பது 1975 இல் வெளியாயிற்று. அதன் பின்னர் புரொஜெஸ்டரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் வந்தது.

2002 ஆம் ஆண்டு ஜூலையில் இன்னுமொரு பேரிடி விழுந்தது. அமெரிக்காவில் 16,608 பெண்களுக்கு இவ்விரு மருந்துகளின் கூட்டு மாத்திரையையோ வெற்று மாத்திரையையோ கொடுத்து நடத்திய பேராய்வு, குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. கூட்டு மாத்திரை உண்டோரிடையே மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக் கட்டி ஆகியன சற்று மிகுதியாகக் காணப்பட்டமையே காரணம். அப்பெண்களின் சராசரி வயது அறுபத்து மூன்று. ‘ஓமோன்’ என்னும் சொல்லைக் கேட்டாலே அஞ்சும் நிலை அன்று முதல் உலகெங்கும் பரவிற்று.

அந்த அச்சம், வேண்டாத இடத்திலும் போய் ஒட்டிக்கொண்டதே துயரம். ஆய்வுக்குட்பட்டது வாயால் உட்கொண்டு உடல் முழுவதும் பரவும் மாத்திரை. நாம் பேசும் நோவுக்கு வைத்தியர் தருவதோ யோனியினுள் மாத்திரம் இடும் மிகச் சிறிய அளவு மருந்து. மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான சிறு மாத்திரை ஒன்றில் உள்ள எஸ்ட்ராடயோல் 10 மைக்ரோகிராம். முதல் இரண்டு வாரம் நாள்தோறும் ஒன்றாகப் பதினான்கு. எஞ்சிய ஐம்பது வாரமும் வாரத்துக்கு இரண்டாக நூறு. ஆக, ஓராண்டுக்கு 114 மாத்திரைகள். மருந்தின் மொத்த அளவு 1,140 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல். வாயால் உண்ணும் எஸ்ட்ராடயோல் மாத்திரை ஒன்றிலேயே பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் இருக்கும். ஒருத்தி ஓராண்டு முழுவதும் உள்ளிடும் மருந்தை மற்றொருத்தி ஒரே நாளில் உண்டுவிடுகின்றாள்!

இவ்வேறுபாட்டை அரசாங்கங்களும் ஏற்று வருகின்றன. பிரித்தானியாவில் 2022 செப்டெம்பர் முதல், ஐம்பது வயதைக் கடந்து மாதவிடாய் நின்ற பெண்கள் இத்தகைய 10 மைக்ரோகிராம் மாத்திரையை வைத்தியரின் சீட்டின்றியே மருந்தாளரைக் கலந்து வாங்க வழி செய்யப்பட்டது. மாதவிடாய் நிறுத்தத்துக்குரிய ஓமோன் மருந்துகளின் உறைகளில் அச்சிடப்பட்டு வந்த கடும் எச்சரிக்கைகளை நீக்க நடவடிக்கை எடுப்பதாக 2025 நவம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. இதனால் எவரும் தாமாகவே மருந்து வாங்கி இடலாம் என்பது பொருளன்று. வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கண்டு நடுங்க வேண்டுவதில்லை என்பதே பொருள்.

சிகிச்சையின் படிகள்

முதற்படியில் மருந்தே இல்லை. வாசனைச் சவர்க்காரம், கிருமிநாசினி கலந்த நீர், வாசனைத் தூள் ஆகியவற்றை அவ்விடத்துக்கு உபயோகிப்பதை நிறுத்துதல் வேண்டும். எரிவு கண்ட பெண்கள் ‘அழுக்கோ’ என்றெண்ணி மேலும் மேலும் கழுவுகின்றனர். எஞ்சியிருக்கும் ஈரத்தையும் இழக்கின்றனர். வெறும் நீரே போதும். பருத்தி உள்ளாடை நன்று.

இரண்டாம்படி, ஈரப்பசை தரும் களிம்பும் வழுக்குக் களிம்பும். முன்னதை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை உள்ளே இடுவர்; பின்னது உறவின்போது உபயோகிப்பது. நீரை அடிப்படையாகக் கொண்ட களிம்புகள் மருந்துக் கடைகளிற் கிடைக்கும். தென்னை செழித்த நம் கரையில் தேங்காயெண்ணெய் உதவாதா என்று கேட்கத் தோன்றும். வாசனை கலவாத தூய எண்ணெய் வெளித்தோலின் வறட்சியைத் தணிக்கலாம். ஆயினும் இறப்பர் உறைகளை எண்ணெய் பழுதாக்கும் என்பதை மறத்தலாகாது. மெலிந்த உட்சுவரை மீண்டும் தடிப்பாக்கும் ஆற்றலும் அதற்கில்லை.

இவ்வெளிய வழிகளை இகழ்தல் கூடாது. அமெரிக்காவில் 302 பெண்களைக் கொண்டு பன்னிரண்டு வாரம் நடத்தி 2018 இல் வெளியிட்ட ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இட்டோர், ஈரப்பசைக் களிம்பு இட்டோர், மருந்தற்ற மாத்திரையும் சாதாரண களிம்பும் இட்டோர் ஆகிய மூவகையாருக்கும் தொல்லை ஏறக்குறைய ஒரே அளவிற் குறைந்தது. ஆகவே களிம்பினால் சுகம் கண்டோர் அதனோடு நின்றுவிடலாம். காணாதோர்க்கு அடுத்த படி உண்டு.

மூன்றாம்படி, மேலே கூறிய ஈஸ்ட்ரோஜன் மருந்து. இது களிம்பாகவும் சிறு மாத்திரையாகவும் வளையமாகவும் உலகில் வழங்குகின்றது. களிம்பையும் மாத்திரையையும் பெரும்பாலும் படுக்கைக்குச் செல்லுமுன் உள்ளிடுவர். முதலில் இரண்டு வாரம் நாள்தோறும், பின்னர் வாரத்துக்கு இரு தடவை. ஓரிரு நாளிற் பயன் தெரியாது. சில வாரங்களில் தெரியத் தொடங்கி, மூன்று மாதமளவில் முழுப்பயன் கிட்டும். நிறுத்தினால் நோவு திரும்பலாமாகையால் வைத்தியர் சொல்லும்வரை தொடர்தல் வேண்டும். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதையும் இது குறைக்கின்றது.

இம்மருந்து ஒவ்வாதோர்க்கு வேறு வழிகளும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. ஒஸ்பெமிபீன் என்பது வாயால் உண்ணும் மாத்திரை. உறவின்போது நோவுறும் பெண்களுக்கென்று அமெரிக்காவில் 2013 இல் அனுமதிக்கப்பட்டது. உடல் வெப்பம் மிகுதல் அதன் பக்கவிளைவாகும். இரத்தக் கட்டி நோய் கண்டோர்க்கு அது ஆகாது. பிரஸ்டெரோன் என்பது இரவுதோறும் உள்ளிடும் மருந்து. 2016 இல் அனுமதி பெற்றது. யோனியின் கலங்களே அதைத் தமக்கு வேண்டிய ஓமோனாக மாற்றிக்கொள்கின்றன. எல்லா மருந்தும் எல்லா நாட்டிலும் கிடைப்பதில்லை. எது கிடைக்கும், எது தகும் என்பதை வைத்தியரே கூறவல்லார்.

மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களின் நிலை தனிக் கவனத்துக்குரியது. ஈஸ்ட்ரோஜன் இடுவதாயின் புற்றுநோய் வைத்தியரையும் கலந்தே முடிவு செய்தல் வேண்டும். இவர்களுக்காக அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் மார்த்தா கோட்ஷ் என்னும் பெண் வைத்தியர் நாற்பத்தாறு பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2015 இல் வெளியிட்டார். நோவு யோனியின் ஆழத்திலன்று, அதன் வாயிலைச் சுற்றிய மெல்லிய பகுதியிலேயே பெரும்பாலும் உள்ளது என்று அவர் கண்டார். பல் வைத்தியர் மரக்கச் செய்யப் பயன்படுத்தும் லிடோகெயின் என்னும் மருந்தின் நீர்க்கரைசலைப் பஞ்சில் நனைத்து, உறவுக்குச் சற்று முன்னர் அவ்விடத்தில் மூன்று நிமிடம் வைத்தபோது, பெரும்பாலோர்க்கு நோவு வெகுவாகக் குறைந்தது. பல காலம் விலகியிருந்த தம்பதியர் பலர் மீண்டும் இணைந்தனர். ஓமோன் கலவாத இம்முறையும் வைத்தியரின் மேற்பார்வையிலேயே செய்யத்தக்கது.

எல்லா நோவும் ஒன்றன்று

பெண்குறியில் எரிவு கண்டவுடன் ‘மாதவிடாய் நின்றதனால்’ என்று தாமே முடிவு செய்துகொள்வதும் தவறாகும். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பூஞ்சைத் தொற்றினால் அரிப்பும் எரிவும் வரும். இதற்கு மருந்து வேறு, சர்க்கரையையும் அடக்க வேண்டும். தோல் வெளிறி, தாள் போலச் சுருங்கி, இரவில் அரிப்பு மிகுந்தால் அது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் தோல் நோயாக இருக்கலாம். குளோபெட்டசோல் என்னும் வலிய ஸ்டெரொய்ட் களிம்பினால் அதைக் கட்டுப்படுத்துவர். சிகிச்சையின்றி விட்டால் அந்நோயிற் சிறு பங்கினர்க்குப் புற்றுநோய் தோன்றக்கூடும். நரம்பினால் உண்டாகும் நோவும் உண்டு. நோவுக்கு அஞ்சி இடுப்படித் தசைகள் தாமே இறுகிக்கொள்வதும் உண்டு. அதற்கு இயன்மருத்துவப் பயிற்சி உதவும். ஆகையால் வைத்தியர் ஒரு தடவை கண்ணால் பார்த்தே சிகிச்சையைத் தொடங்குதல் வேண்டும்.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்த பின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் தாமதியாது வைத்தியரிடம் செல்லுங்கள். பெரும்பாலும் அச்சப்பட ஏதுமிராது. ஆயினும் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும்.

லேசர்க் கதிரினால் இளமையை மீட்பதாகக் கூறும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழத்தலும் வேண்டாம். அத்தகைய கருவிகளைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. அவுஸ்திரேலியாவில் நடந்து 2021 இல் வெளியான ஆய்வு, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது லேசர் சிகிச்சை பெற்றோர்க்கும் வெறும் பாவனைச் சிகிச்சை பெற்றோர்க்கும் வேறுபாடில்லை என்று காட்டிற்று.

கணவர் அறிய வேண்டியவை

இப்பகுதியை ஆண்கள் விட்டுச் செல்லாது படித்தல் நலம். மனைவி விலகிப் படுத்தால், ‘என்மீது அன்பு குறைந்துவிட்டது’ என்று கணவன் எண்ணுகின்றான். ‘சொன்னால் என்ன நினைப்பாரோ’ என்று மனைவி அஞ்சுகின்றாள். இருவரும் பேசாதிருக்கின்றனர். முப்பது ஆண்டு ஒன்றாய் வாழ்ந்தவர்களிடையே, தோலின் வறட்சி ஒன்று மனவறட்சியாகத் தோற்றங்கொள்கின்றது. உண்மையில் அங்கே குறைந்தது அன்பன்று, ஓர் ஓமோன்.

நோவைக் கடித்துக்கொண்டு இணங்குவது மனைவியின் கடமையென்று எண்ணுவது அறமுமன்று, அறிவுமன்று. ஒவ்வொரு தடவை நோவுறும்போதும் உடல் அடுத்த தடவைக்கு அஞ்சி முன்னதாகவே இறுகுகின்றது. நோவு நோவை வளர்க்கின்றது. சிகிச்சை பயன் தரும்வரை பொறுத்திருத்தலும், கிளினிக்குக்குத் துணையாகச் செல்லுதலும், மருந்தின் செலவை வீட்டுச் செலவாகக் கருதுதலும் கணவன் செய்யத்தக்கவை. உடப்புத் திரௌபதையம்மன் கோயிலில் தீ மிதிக்கும் அடியார் தாமே விரும்பி ஏற்ற நேர்த்திக்காக நோவைத் தாங்குகின்றனர். அதற்கு ஒரு பொருள் உண்டு. நோயினால் வரும் நோவைத் தாங்குவதில் எந்த நேர்த்தியும் நிறைவேறுவதில்லை.

சொல்லும் முறை

இனி, எப்படிச் சொல்வது? ‘டொக்டர், எனக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடமாகின்றது. கீழே வறட்சியும் எரிவும் இருக்கின்றன. கணவனோடு சேரும்போது நோகின்றது. சலம் போகும்போதும் எரிகின்றது. இதற்கு மருந்து வேண்டும்.’ இவ்வளவே. ‘வயிற்றுவலி’ என்றும் ‘இடுப்புவலி’ என்றும் சுற்றி வளைத்துச் சொன்னால், வைத்தியர் அவற்றுக்குரிய மருந்தையே எழுதித் தருவார். வாயால் சொல்ல நாணமாயின் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். நமது பகுதியில் வைத்தியர் சிங்களம் பேசுபவராகவும் இருக்கலாம். மொழிபெயர்க்க மகனையோ மருமகளையோ அழைத்துச் செல்வதைவிட, தமிழறிந்த தாதியரின் துணையைக் கேட்பது எளிது. பெண் வைத்தியர் வேண்டுமென்று கேட்பதும், பரிசோதனையின்போது தாதி ஒருவர் உடனிருக்க வேண்டுமென்று கேட்பதும் பிழையாகா.

நம் மொழியில் இவற்றுக்குச் சொல்லில்லை என்று கூறுவதும் பொருந்தாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1850களிலேயே பிரசவ வைத்திய நூலைத் தமிழில் வெளியிட்டு, தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். கனடாவிற் பிறந்து தமிழர் ஒருவரை மணந்து 1896 இல் இலங்கைக்கு வந்த டாக்டர் மேரி இரத்தினம், பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். 1930 இல் கிராமப் பெண்களுக்காக லங்கா மகிளா சமித்தியைத் தொடங்கினார். குடும்பத் திட்டமிடலைப் பற்றிப் பிறர் வாய் திறக்கத் தயங்கிய காலத்திலே துணிந்து பேசினார். 1958 இல் மக்சேசே விருது அவருக்குக் கிடைத்தது. சொற்கள் நம்மிடம் உண்டு. துணிவோடு பேசியவர்களும் இந்நாட்டில் வாழ்ந்திருக்கின்றனர்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதே இலங்கை மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். மாதவிடாய் நின்ற பின்னரும் ஒரு பெண் இருபத்தைந்து, முப்பது ஆண்டு வாழ்வது இன்று அரிதன்று. ஏறக்குறைய வாழ்நாளின் மூன்றிலொரு பங்கு அது. அத்தனை ஆண்டும் எரிவோடும் நோவோடும் கழிய வேண்டுமென்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை.

ஆகவே தாய்மார்களே, அடுத்த சுகவனிதையர் கிளினிக் எந்நாளென்று இவ்வாரமே விசாரித்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் மாணவியரும் மாணவரும் தத்தம் தாயிடம் ஒன்றும் கேட்க வேண்டுவதில்லை. இப்பக்கத்தை மடித்து அவர் கண்ணிற் படும் இடத்தில் வைத்துவிட்டால் அதுவே போதும்.